ஊருக்குள் நுழையும் ஆட்டுப் பெருவழி

இத்தாலியின் மொலீசே மாநிலத்தில், மத்தேசே மலைகளின் அடிவாரத்தில், சேப்பினம் என்ற உரோமானியச் சிறுநகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்து மக்கள் அந்த இடத்தை அல்தீலியா என்று சொல்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலும் நான்கு வாசல்களும் கொண்ட அந்த ஊரின் வடமேற்கு வாசலுக்குப் போயானோ வாசல் என்று பெயர். வாசலின் இருபுறமும் பீடங்களின் மேல் கைகள் கட்டப்பட்ட போர்க்கைதிகளின் சிலைகள் நிற்கின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சிலைகளைப் படமெடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். அதே வாசலின் கற்களில் வெட்டப்பட்டுள்ள நெருக்கமான இலத்தீன் எழுத்துகளின் முன் நிற்பவர்கள் குறைவு. கால்நடைகள் நடந்துசென்ற பழம்பாதைகளை மரபுச் சின்னங்களாகக் காக்க வேண்டும் என்று எண்ணுகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அந்தக் கல்வெட்டுதான் என்பது என் கருத்து.

அதில் இருப்பவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மூன்று கடிதங்கள். மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசராக இருந்த காலம், அதாவது கி.பி. 170-ஐ ஒட்டிய ஆண்டுகள். அரசருக்குச் சொந்தமான ஆட்டுமந்தைகளின் கணக்கைப் பார்த்துவந்த செப்திமியானுஸ் என்பவர், அரண்மனை நிதிப்பொறுப்பிலிருந்த கோஸ்முஸ் என்பவருக்கு முறையிடுகிறார். மந்தைகளைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிச்செல்பவர்களையும் அவர்களுடைய மேய்ப்பர்களையும் சேப்பினத்திலும் பக்கத்து ஊரான போவியானத்திலும் காவலர்களும் ஊர் அதிகாரிகளும் வழிமறிக்கிறார்கள், அவர்களைத் தப்பியோடிய அடிமைகள் என்றும் அவர்களிடமுள்ள பொதிவிலங்குகளைத் திருட்டு விலங்குகள் என்றும் சொல்லிப் பிடித்துவைக்கிறார்கள், அந்தக் கலவரத்தில் அரசருடைய ஆடுகளும் காணாமற்போகின்றன என்பது முறையீடு. முன்பு எழுதிய கடிதத்தை ஊர் அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. கோஸ்முஸ் அதை மேலே அனுப்ப, அரசரின் மெய்க்காவற்படைத் தலைவர்களான பஸ்ஸேயுஸ் ரூஃபுஸும் மக்ரீனியுஸ் விந்தெக்ஸும் சேப்பினத்து அதிகாரிகளுக்கு நேரடியாக எச்சரிக்கை விடுக்கிறார்கள். மந்தைகளின் குத்தகைதாரர்களுக்குத் தீங்கு செய்வதை நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதை விசாரித்துத் தண்டிக்க வேண்டிவரும் என்பது அதன் சாரம்.

கடிதத்தை ஏட்டில் வைத்துப் பூட்டாமல், மந்தைகள் நுழைகிற வாசலிலேயே வெட்டிவைத்ததுதான் இதில் என்னை ஆழமாகத் தொடுகிற செய்தி. வழிப்போக்கு உரிமை எங்கே மறுக்கப்பட்டதோ அங்கேயே அது எழுதப்பட்டது. நகரம் தனக்குள் வரும் ஆடுகளைத் தொல்லையாகப் பார்ப்பதும், மேய்ப்பரைச் சந்தேகத்துக்குரிய அந்நியராக நடத்துவதும், அவருக்கு வழிவிட வேண்டும் என்று மேலிருந்து ஆணை வருவதும் இக்காலத்துச் சிக்கல்கள் அல்ல என்பதை அந்தக் கல் ஏறக்குறைய 1,850 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சேப்பினத்தின் அமைப்பைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். போயானோ வாசலில் நுழைந்து பெனவெந்தோ வாசலில் வெளியேறும் நடுத்தெரு, ஊருக்கென்று புதிதாகப் போடப்பட்ட தெரு அன்று. மலையிலிருந்து தெற்குச் சமவெளிக்கு மந்தைகள் இறங்கிய தடத்தின் மீதே ஊர் அமர்ந்து, அந்தத் தடத்தையே தன் தலைமைத் தெருவாக்கிக்கொண்டது. மலையிலிருந்து வரும் குறுக்குத் தெரு அதைச் சந்திக்கும் இடத்தில் பொதுமன்றமும், இருபது தூண்கள் சூழ்ந்த நீதிமண்டபமும், சற்றுத் தள்ளிக் கடைவீதியும் அமைந்தன. தெருவோரத்தில் தொட்டிகள் பதித்த ஒரு கட்டடம் இருக்கிறது. தோல் பதனிடவோ கம்பளி வெளுக்கவோ அது பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு அப்பால் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் என்ற கற்பனை விலங்கைச் செதுக்கிய நீரூற்று. ஆடு வந்த வழியில் சந்தையும், சந்தையைச் சுற்றி ஊரும், ஊருக்கு மதிலும் வந்த வரிசை இந்தத் தெருவில் நடக்கும்போதே தெரிகிறது.

ஊருக்கு வெளியே அகலமாகப் பரவி வந்த மந்தை, வாசலில் ஒரு சில மீட்டருக்குள் ஒடுங்க வேண்டியிருந்தது. எண்ணுவதற்கும் வரி தண்டுவதற்கும் இதைவிட வசதியான இடம் கிடைக்காது, தொல்லை கொடுப்பதற்கும் அப்படியே. நகரத்துக்குள் இருக்கும் மேய்ச்சல் பாதையின் இயல்பு முழுவதும் இந்த ஒடுக்கத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காட்டிலும் புல்வெளியிலும் பாதை தன் அகலத்தால் வாழ்கிறது. ஊருக்குள்ளோ அது தொடர்ச்சியால் மட்டுமே வாழ முடியும். நுழைவாய்க்கும் வெளியேறும் வாய்க்கும் இடையே ஓரிடத்தில் அடைபட்டாலும் மலையிலிருந்து கடற்கரை வரையுள்ள வழி முழுவதும் பயனற்றுப்போகிறது.

இந்தப் பாதைகளைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி சொல்லவேண்டும். அப்ருட்ஸோ, மொலீசே மலைகளில் குளிர்காலத்தில் பனி மூடிப் புல் இருக்காது. தெற்கே புலியாவின் தாவோலியேரே சமவெளியில் கோடையில் வெயில் புல்லைக் கருக்கிவிடும். ஆகவே இலையுதிர்காலத்தில் மந்தைகள் சமவெளிக்கு இறங்கின, வசந்தகாலத்தின் முடிவில் மலைக்குத் திரும்பின. இந்தப் போக்குவரவுக்கென்று ஒதுக்கப்பட்ட புல்தரைப் பெருவழிகளுக்கு திராத்தூரோ என்று பெயர். லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரையிலானது 244 கிலோமீட்டர். சேப்பினத்தினூடே செல்லும் பெஸ்காஸ்ஸெரோலி – கந்தேலா வழி 211 கிலோமீட்டர். 1447-ல் அரகோன் மரபின் அல்போன்சோ மன்னர் ஆட்டுச்சுங்கத் துறை ஒன்றை நிறுவி, மேய்ச்சல் நிலங்களை அரசே வாடகைக்கு விடும் முறையைக் கொண்டுவந்தபின், இந்தப் பெருவழிகளின் அகலம் 60 நேப்பிள்ஸ் அடித்தடம், அதாவது சுமார் 111 மீட்டர் என்று நிலைபெற்றது. அந்த அகலம் நடப்பதற்கு மட்டும் அன்று. ஆடு நடந்துகொண்டே மேய வேண்டும், இரவில் கிடை அமர வேண்டும், எதிரே வரும் மந்தையோடு கலந்துவிடக் கூடாது. பாதை என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் மிக நீண்ட, குறுகிய மேய்ச்சல் நிலம்.

அகலம் இருக்குமிடத்தில் ஆக்கிரமிப்பும் இருக்கும். ஓரத்து உழவர்கள் ஆண்டுதோறும் ஓரிரு சால் உள்ளே தள்ளி உழுதார்கள். அரசு அவ்வப்போது நில அளவையரை அனுப்பி எல்லைகளை மீட்டது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் எத்தோரே கப்பெசெலாத்ரோ என்ற அதிகாரியின் தலைமையில் நடந்த மறு அளவீட்டின் வரைபடங்கள் புகழ்பெற்றவை. பாதையோரத்தில் அரச பெருவழி என்பதன் முதலெழுத்துகள் பொறித்த எல்லைக்கற்களை இன்றும் சில இடங்களில் காணலாம். பாதி மண்ணில் புதைந்து, பாசி படிந்து, வயல் வரப்பில் சாய்ந்திருக்கும் அப்படியொரு கல்லின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதன் ஒருபக்கம் கோதுமை, மறுபக்கம் தரிசாகக் கிடக்கும் புல். நில அளவையர் கயிறு பிடித்த இடம் இது என்பதைக் கண்ணே சொல்லிவிடுகிறது.

1806-ல் நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் நேப்பிள்ஸை ஆண்டபோது ஆட்டுச்சுங்கம் ஒழிக்கப்பட்டது. 1865-க்குப் பிறகு தாவோலியேரே சமவெளி மேய்ச்சல் கட்டுகளிலிருந்து விடுபட்டுப் பெரும்பகுதி உழவுக்கு வந்தது. பின்னர் இரயிலும் லாரியும் மந்தைகளை ஏற்றிக்கொண்டன. வெறுமையாகிப்போன பெருவழிகளின் மேல் சாலைகளும் வீடுகளும் தொழிற்கூடங்களும் ஏறின. இந்த நிலையில்தான் 1976 ஜூன் 15 அன்று இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகம் மொலீசேயின் பெருவழிகளைத் தொல்லியல் மதிப்புடையவை என்று அறிவித்து, கோயில்களையும் சிலைகளையும் காக்க 1939-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அண்டை மாநிலங்களின் பெருவழிகளும் அவ்வாறே சேர்க்கப்பட்டன. கட்டடம் ஏதுமில்லாத, வெறும் புல்லாலான ஒரு பட்டையை ஒரு நாடு தொல்லியல் சின்னமாக ஏற்றுக்கொண்டது துணிவான செயல் என்றே நான் மதிக்கிறேன். பொதுவாக நமக்கு மரபு என்றால் கல்லும் மரமும் உலோகமுமாக நினைவுக்கு வருகின்றன. மனிதரும் விலங்கும் நடந்து நடந்தே உருவாக்கிய ஒன்றுக்கும் அதே மரியாதை உண்டு என்று அந்த ஆணை ஒப்புக்கொண்டது.

ஆனால் ஊர்களுக்குள் கதை வேறுவிதமாகப் போனது. ஆட்டுச்சுங்கத்தின் தலைநகரமாக இருந்த ஃபோஜ்ஜாவில் சுங்க அரண்மனை இன்று மாகாண நிர்வாக அலுவலகமாக இருக்கிறது. லாக்விலாவிலிருந்து வந்த பெருவழி ஊரில் நுழைந்த இடத்தில் எபிதாஃபியோ என்ற 17-ஆம் நூற்றாண்டு நினைவுத்தூண் நிற்கிறது. இடையிலிருந்த வழி போய்விட்டது. புலியா மாநிலம் 2003-ல் கொண்டுவந்த சட்டம் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பெருவழிகளுக்குத் திட்டம் வரையவேண்டும் என்றது. பழைய நிலையில் இருப்பவை அல்லது அந்நிலைக்கு மீட்கக்கூடியவை, பொதுப்பயன்பாட்டுக்கு ஏற்றவை, கட்டடங்கள் எழுந்து நிரந்தரமாக மாறிப்போனவை என மூன்றாக அவற்றைப் பிரிக்கச் சொன்னது. நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடுதான். இருந்தாலும் எனக்கு அதில் ஓர் அச்சம் உண்டு. ஊருக்குள் இருக்கும் துண்டுகள் பெரும்பாலும் மூன்றாம் வகையில்தான் விழும், விழுந்தவை தனியாருக்கு விற்கப்படலாம். ஊருக்கு வெளியே இருபுறமும் முதல் வகையில் காக்கப்பட்ட புல்வெளி, நடுவில் ஊருக்குள் விற்கப்பட்ட மனை என்றால், பாதை அங்கே இரண்டு தனித்தனி வயல்களாகிவிடுகிறது.

இவற்றில் இன்னும் கால்நடை நடக்கிறதா என்று கேட்கலாம். நடக்கிறது. மொலீசேயின் ஃப்ரோஸோலோனே ஊரைச் சேர்ந்த மாட்டுக்காரக் குடும்பம் ஒன்று, புலியாவின் கார்கானோ மலைப்பகுதியில் குளிர்காலம் கழித்த சில நூறு போதோலிகா இன மாடுகளை மே மாத இறுதியில் குதிரைகளின் துணையோடு சுமார் 180 கிலோமீட்டர் நடத்தியே கொண்டுவருகிறது. நான்கு நாள் பயணம். வழியிலுள்ள ஊர்களில் மக்கள் திரண்டு வரவேற்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நிற்கிறார்கள். 2019-ல் யுனெஸ்கோ, இத்தாலி, கிரேக்கம், ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் பருவகால மந்தைப்பெயர்ச்சியை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2023-ல் ஸ்பெயின், பிரான்ஸ், ருமேனியா உள்ளிட்ட மேலும் ஏழு நாடுகள் அதில் இணைந்தன.

ஸ்பெயின் இந்த விஷயத்தில் இத்தாலியைவிட ஒரு படி முன்னே நிற்பதாக நான் நினைப்பதற்குக் காரணம், அங்கே பாதை தொல்பொருளாக மட்டும் காக்கப்படாமல் நடப்புரிமையாகவும் காக்கப்படுவதுதான். 1273-ல் பத்தாம் அல்போன்சோ மன்னர் அங்கீகரித்த மெஸ்தா என்னும் மந்தையாளர் மன்றம் ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்து 1836-ல் கலைக்கப்பட்டது. அதற்கெனத் தனி நடுவர்கள் இருந்தார்கள். பாதையை உழுதவர்களையும் அடைத்தவர்களையும் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய முப்பது இலட்சம் மெரினோ ஆடுகள் அந்தப் பாதைகளில் நடந்தன. இன்றும் அந்நாட்டின் மந்தைப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 1,25,000 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். முதல்நிலைப் பாதையான கன்யாதாவுக்கு அகலம் 90 வாரா, அதாவது 75 மீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கடுத்தவை அதில் பாதியும் கால்பகுதிக்குச் சற்று மேலுமாக அமைந்தவை. வழியில் தண்ணீர்த் துறைகளும் மந்தை இளைப்பாறும் திடல்களும் பாதையின் உறுப்புகளாகவே கருதப்பட்டன.

1974-ல் வந்த ஒரு சட்டம், தேவையற்றவை என்று அறிவிக்கப்படும் பாதைகளை விற்க வழிசெய்தது. நகரங்கள் வேகமாக வளர்ந்துவந்த காலம் அது. அப்போக்கைத் திருப்பியது 1995 மார்ச் மாதத்துச் சட்டம். மந்தைப் பாதைகள் தன்னாட்சி மாநிலங்களின் பொதுச்சொத்து, அவற்றை விற்க முடியாது, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் எவருக்கும் உரிமையாகாது, கடனுக்காகக் கட்டுப்படுத்தவும் முடியாது என்று அது சொல்லிவிட்டது. நம் வருவாய்த்துறை மொழியில் புறம்போக்கு என்று சொல்லலாம். ஆனால் நம் மந்தைவெளிப் புறம்போக்கும் மேய்க்கால் புறம்போக்கும் எத்தனை எளிதாக வகைமாற்றம் பெற்றுப் பேருந்து நிலையங்களாகவும் அலுவலக வளாகங்களாகவும் ஆகிவிடுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சட்டத்தின் பிடிவாதம் எவ்வளவு அரியது என்பது விளங்கும். பாதையின் எல்லை முறைப்படி வரையறுக்கப்பட்டு ஒப்புதல் பெற்றுவிட்டால், அதற்கு மாறான பத்திரப்பதிவு கூட அதன்முன் நிற்காது.

நகரங்களைப் பொறுத்தவரை அச்சட்டத்தில் இரு விதிகள் உயிர்நாடியானவை. பொதுநலன் கருதிப் பாதையை இடம் மாற்றலாம், ஆனால் மாற்றப்பட்ட பாதையின் பரப்பு குறையக் கூடாது, தடம் மந்தைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், போக்குவரவின் தொடர்ச்சி அறக் கூடாது. சாலையோ இரயில்பாதையோ குறுக்கிட்டால், மந்தை விரைவாகவும் வசதியாகவும் கடந்துபோகப் போதிய வழி அமைத்துத் தரவேண்டும். பழைய தடத்தை அப்படியே உறையவைக்க வேண்டும் என்று அச்சட்டம் அடம்பிடிக்கவில்லை. ஊர் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு, வழி அறுந்துபோகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறது. ஊருக்குள் இந்த மரபைக் காப்பதற்கு இதைவிடத் தெளிவான கொள்கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த உரிமை ஒரு தலைநகரத்தின் நடுவில் எப்படி இருக்கும் என்பதைக் காண அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் மாட்ரிட்டுக்குப் போகவேண்டும். 1994 முதல் அங்கே மந்தைப்பெயர்ச்சி விழா நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பாளரான ஹெசூஸ் கார்சோன், கைவிடப்பட்ட பாதைகளில் மீண்டும் மந்தைகளை நடத்தி, அவை வரலாற்றுப் பொருளல்ல, நடப்பில் உள்ள சொத்து என்று அரசுக்கு உணர்த்தும் முயற்சியின் பகுதியாக இதைத் தொடங்கினார். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டே வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் காசா தே காம்போ பூங்காவிலிருந்து புறப்பட்டு, ஆற்றைக் கடந்து மேடேறி, பழைய நகரின் மாயோர் தெரு வழியாகப் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தையும் அல்கலா தெருவையும் கடந்து சிபேலெஸ் சதுக்கத்துக்கு வருகின்றன.

அருகில் நின்று பார்த்தால், முதலில் வருவது ஓசை. பெரிய மணி கட்டிய சில கிடாய்கள் முன்னே நடக்கின்றன. கூட்டத்துக்குப் பழகியவை அவை. பின்னால் வருகிற ஆடுகள் அவற்றின் மணியோசையைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. ஆயிரக்கணக்கான குளம்புகள் கருங்கல் பாவிய தெருவில் விழும் சத்தம் அடைமழை தகரத்தில் விழுவது போல இருக்கிறது. குழந்தைகள் தடுப்புக் கம்பிகளுக்கிடையே கையை நீட்ட, ஒதுங்கும் ஆடு பக்கத்து ஆட்டின் மேல் முட்டுகிறது, அந்த நெளிவு மந்தையின் மறு ஓரம் வரை பரவிப் போய் அடங்குகிறது. மேய்ப்பர் கோலை உயர்த்துவதில்லை, குறுக்கே நீட்டிப் பிடிக்கிறார், அவ்வளவுதான். கம்பளியின் எண்ணெய் வாசமும் புழுக்கை வாசமும் தெருவில் தங்கிவிடுகின்றன. பின்னாலேயே மாநகராட்சியின் துப்புரவு வண்டிகள் தண்ணீர் அடித்துக்கொண்டு வருகின்றன. இரண்டாயிரம் கண்கள் கடைகளின் கண்ணாடிச் சன்னல்களைக் கடந்துபோவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இடையில் ஒரு சடங்கு உண்டு. 1418-ல் மெஸ்தாவின் பிரதிநிதிகளுக்கும் மாட்ரிட் நகரவைக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆயிரம் ஆட்டுக்கு 50 மராவெதி (பழைய ஸ்பானிய நாணயம்) என்ற கணக்கில் மந்தைத் தலைவர் நகர மேயரிடம் பழைய காசுகளை எண்ணிக் கொடுக்கிறார். சிலர் இதையெல்லாம் சுற்றுலாவுக்கான வேடிக்கை என்கிறார்கள். நாட்டுப்புற ஆடல்களும் பாடல்களும் சூழ நடப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் நகரம் அந்தக் காசை வாங்கிக்கொள்ளும்போது, வழிவிடும் கடமை தனக்கு உண்டு என்பதை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆண்டுதோறும் ஒப்புக்கொள்கிறது. பயன்படுத்தாத பாதையை மூடுவதற்கு எந்த நகர நிர்வாகமும் நெடுநாள் தயங்காது. ஆண்டுக்கு ஒரு நாளாவது போக்குவரத்தை நிறுத்தி வழிவிட வேண்டியிருக்கும் தெருவின் குறுக்கே நிரந்தரமாக எதையும் கட்டிவிட முடியாது. பெயர்ப்பலகையும் தரையில் பதித்த பித்தளைத் தகடும் ஒருநாளும் செய்யாத வேலையை அந்த ஆடுகள் செய்கின்றன.

அதே மாட்ரிட்டின் கிழக்கு ஓரத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பேசாமல் இந்தப் பாதைகளைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ரியோஹா பகுதியிலிருந்து தெற்கே செல்லும் கலியானா பெருவழியில், மந்தைகள் வருவது நின்றபின், 1950-களையும் 60-களையும் ஒட்டி எளிய மக்கள் தோட்டக் குடிசைகள் போட்டார்கள். அவை வீடுகளாயின. பிறகு புலம்பெயர்ந்தோரும் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டுவந்த ரோமா மக்களும் வந்து சேர, பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நூல்போன்ற குடியிருப்பு உருவாகிவிட்டது. 2011-ல் மாநிலச் சட்டம் ஒன்று அந்தப் பகுதிக்கு மந்தைப் பாதை என்ற தகுதியை நீக்கியது. 2020 அக்டோபரில் அதன் 5, 6-ஆம் பிரிவுகளில் மின்சாரம் நின்றுபோய், சுமார் 1,800 குழந்தைகள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் இருளில் தவித்தார்கள். பாதையின் மரபுரிமையை மீட்கிறோம் என்ற பெயரில் அந்த மக்களை மாற்று வீடின்றி வெளியேற்றுவதை நான் ஏற்க மாட்டேன். பாதையைக் காக்கத் தவறியது நிர்வாகம். அதன் விலையை அங்கே குடியேறிய ஏழைகள் மட்டும் கொடுப்பது நீதியாகாது. பயன்பாடும் கண்காணிப்பும் இல்லாமல் சட்டத்தில் மட்டும் அகலமாக இருக்கும் பாதைக்கு என்ன நேரும் என்பதற்கு கலியானாவே சான்று.

பழைய நகரங்களில் இப்பாதைகளை மரபாகக் காக்கத் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. தரையில் ஒரு வரைபடத்தைப் பதிப்பதற்கு முன், வழி எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று ஒருவர் முழுத்தூரமும் நடந்து குறித்துவரட்டும். அறுந்த இடத்தை மூன்றாம் வகையில் போட்டு விற்பதற்கு முன், பக்கத்துத் தெருவில் மந்தை போக மாற்றுவழி உண்டா என்று பார்க்கட்டும். நகருக்குள் பூங்காவாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ மாறிப்போன இளைப்பாறும் திடல்களில் ஒன்றையாவது பருவத்தில் ஓரிரவு கிடைக்குத் திறந்துவிடட்டும், அங்கே ஒரு தண்ணீர்த்தொட்டி இருக்கட்டும். பழைய நகரங்களின் தெருக்களை அழகுபடுத்தும்போது வழவழப்பான கல்லைப் போட்டுவிடுகிறார்கள், ஈரத்தில் அது குளம்புக்கு வழுக்கும். சொரசொரப்பான கல்லே போதும். தெருமுனைகளில் வண்டிகளைத் தடுக்க நடும் குத்துக்கற்களைக் கழற்றும்படியாக அமைத்தால், மந்தை வரும் நாளில் நெரிசல் இருக்காது.

இவற்றையெல்லாம் முடிவுசெய்யும் கூட்டங்களில் கட்டடக்கலைஞர்களும் தொல்லியலாளர்களும் சுற்றுலாத் துறையினரும் அமர்ந்திருப்பார்கள். மேய்ப்பருக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும். எந்த வளைவில் ஆடு மிரளும், எந்தப் பாலத்தின் கீழ் நுழைய மறுக்கும், எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும், மந்தையின் முன்வரிசை நின்றுவிட்டால் பின்வரிசை எங்கே ஒதுங்கும் என்பவையெல்லாம் வரைபடத்தில் தெரியாது, அவருக்குத் தெரியும். மொலீசேயிலும் ஸ்பெயினின் காஸ்தியாவிலும் நடந்தே மந்தை ஓட்டுகிறவர்கள் இன்று மிகச் சிலர்தான். அவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கூட்டங்களுக்கு அவர்களை அழைக்க வேண்டும். அவர்களுடைய ஒரு நாள் வேலை கெடுவதற்கான கூலியையும் நகராட்சியே கொடுக்க வேண்டும்.